மூணாவது ஸ்க்ரம் ஹாஃபா டிக்கெட் எடுத்த ஆளு

2010 பிப்ரவரி 13, சனிக்கிழமை. ஸ்வான்ஸீல ஒரு இந்தியன் ரெஸ்டாரண்ட்டோட பின்பக்க கிச்சன்ல உக்காந்து மூட்டை வெங்காயத்த உரிச்சிட்டு இருந்தேன். மாஸ்டர்ஸ் படிக்கப் போன எடத்துல வாரக்கடைசி வேலை, மணிக்கு இத்தனை பவுண்டுன்னு பேசி அதுலயும் கொஞ்சம் பிடிச்சுக்குவாங்க, அத விடுங்க. சாயங்காலம் நாலு மணி ஆகப்போற நேரம், எதிர்த்தாப்ல இருந்த பப்ல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. சந்தோஷ சத்தமா சண்டை சத்தமான்னு புரியல, எங்க ஊர்ல ஜல்லிக்கட்டு மாடு வேலிய தாண்டிட்டா ஒரு சத்தம் வருமே, பயமும் குஷியும் கலந்து, அந்த மாதிரி. ஏப்ரனோட வாசலுக்கு ஓடி வந்தேன். கதவத் தள்ளிக்கிட்டு ஜனம் தெருவுக்கே வந்துருச்சு. முன்னபின்ன தெரியாத ஒரு பெரியவர் என்னைய கட்டிப்பிடிச்சு தூக்கிட்டாரு, கண்ணுல தண்ணி. என் கண்ணுலயும் தண்ணி, எனக்கு வெங்காயம். அவரு வாய்ல ஒரே பேரு தான், ஷேன், ஷேன், ஷேன்.

யாருங்க அந்த ஷேன்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்க ரெண்டு மூணு மாசம் ஆச்சு, விட்டு வெளிய வர இன்னும் முடியல. இந்தப் பதிவு அவரப் பத்தி தான். ஷேன் வில்லியம்ஸ், வேல்ஸ் ரக்பி டீமோட விங்கர். 87 மேட்ச்ல 58 ட்ரை. வேல்ஸ்ல இன்னிக்கு வரைக்கும் அந்த 58-அ யாரும் தொடல.

ரக்பி தெரியாதவங்களுக்கு ஒரு ரெண்டு பாரா, தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. ஒரு பக்கத்துக்கு 15 பேரு. எட்டு பேரு தடித்தடியா முன்னாடி நின்னு முட்டிக்கிட்டு மல்லுக்கட்டுவாங்க, மீதி ஏழு பேரு பின்னாடி. அந்த மல்லுக்கட்டுக்கு காலடியில இருந்து பந்த உருவி எடுத்து மத்தவங்களுக்கு வீசறவன் பேரு ஸ்க்ரம் ஹாஃப், 9-ஆம் நம்பர், டீம்லயே பொடியனா இருக்கறவன் பெரும்பாலும் அவன் தான். ரெண்டு ஓரத்துலயும் கோட்டை ஒட்டி நிக்கறவங்க விங்கர், 11-ஆம் நம்பரும் 14-ஆம் நம்பரும். எதிராளி கோட்டைத் தாண்டி பந்த தரையில வச்சு அழுத்தினா அது ட்ரை, 5 பாயிண்ட். ட்ரைக்கு அப்புறம் கம்பத்துக்கு நடுவுல ஒரு உதை உண்டு, கன்வெர்ஷன், போனா இன்னும் 2. எதிராளி தப்பு பண்ணா அதே மாதிரி கம்பத்த பாத்து உதைக்கலாம், அது பெனால்ட்டி, 3 பாயிண்ட்.

இதுல ஒரு விஷயம், பந்த கையால முன்னாடி வீசக் கூடாது, பக்கவாட்டுலயோ பின்னாடியோ தான். அதனால பந்து நடுவுல இருந்து கை மாறி கை மாறி ஓரத்துக்கு வரணும். வழியில எவனாவது நழுவ விட்டாலோ, எவனாவது நானே ஓடிக்கிறேன்னு ஆசப்பட்டாலோ விங்கருக்கு ஒண்ணும் வராது. கல்யாணப் பந்தில கடைசி இலையில உக்காந்தவன் கதை தான், சாம்பார் வரும், பாயசம் வர்றதுக்குள்ள அண்டா காலி. குளிர்ல மழையில 80 நிமிஷம் ஓரமா நின்னு, ரெண்டோ மூணோ தடவை பந்து வரும், அந்த ரெண்டு மூணுல தான் அவன் வேலை. அதுல சொதப்பினா ஊரே அவனத் தான் பேசும்.

என்னைய கட்டிப்பிடிச்ச பெரியவர் அதுக்கப்புறம் எங்க கடைக்கு புதன்கிழமை தோறும் சாப்பிட வர ஆரம்பிச்சாரு. ஸ்டீல் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, மட்டன் கறியும் பில்லாவ் சோறும், வருஷம் பூரா அதே தான். எனக்கு ரக்பி பாடம் நடத்துனது அவரு தான். முதல் பாடமே ஷேனோட ஊரு.

1977 பிப்ரவரியில ஸ்வான்ஸீ பக்கம் மாரிஸ்டன்ல பொறந்து, வளந்தது க்ளானமன்ங்கற சின்ன ஊர்ல. அமன் ஆத்துப் பள்ளத்தாக்கு, ஒரு காலத்துல ஆந்த்ரசைட் நிலக்கரி வெட்டின பூமி. அந்த ஊரு கிளப் பேரு அமன் யுனைடெட். இங்கிலீஷ் எழுத்துல அத எழுதிப் பாருங்க, நம்ம கண்ணுக்கு அது அம்மன் யுனைடெட். நான் முதல் தடவை அந்தப் பேர பாத்துட்டு சிரிச்ச சிரிப்புல பெரியவருக்கு ஒண்ணும் புரியல. எங்க ஊர்ல கோயில் கொடைக்கு கபடி டீம் எறக்குவாங்க, ஸ்ரீ முத்தாலம்மன் கபடிக் குழு, காளியம்மன் கபடிக் குழுன்னு பனியன்ல அச்சடிச்சு, அந்த லிஸ்ட்ல இதையும் சேத்துட்டா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான். அவருக்கு விளக்கி சொன்னதுக்கு அப்புறம் அவரும் சிரிச்சாரு, ஆனா கொஞ்சம் பெருமையா தான் எடுத்துக்கிட்டாருன்னு நெனைக்கறேன்.

அம்மன் யுனைடெட்ல (இனிமே நான் அப்டித் தான் எழுதுவேன்) ஷேன் ஆடினது ஸ்க்ரம் ஹாஃபா. உயரம் 5 அடி 7 அங்குலம், எடை நல்லா தேறின காலத்துல 80 கிலோ. நம்ம தெருவுல இது சாதாரண ஆளு. ரக்பில இது பொடியன். அங்கிருந்து நீத் கிளப்புக்குப் போயி விங்கரா மாறி ட்ரையா போட்டுத் தள்ளவும் நேஷனல் டீம்ல கூப்புட்டாங்க. 2000 பிப்ரவரியில கார்டிஃப்ல ஃப்ரான்ஸ் கூட மேட்ச், சப்ஸ்டிட்யூட்டா இறங்கினாரு, வேல்ஸ் 36-3ன்னு தோத்துச்சு. அடுத்து இத்தாலி மேட்ச்ல முதல் தடவையா ஸ்டார்ட் பண்ணி முதல் ட்ரை. அடுத்த ரெண்டு வருஷத்துல ஓஹோன்னு போயிருக்கணும் இல்ல? போகல.

காரணம் தெரியணும்னா 1995-க்கு போகணும். அந்த வருஷ வேர்ல்ட் கப்ல நியூசிலாந்துக்கு ஜோனா லோமுன்னு ஒருத்தர் வந்தாரு. 6 அடி 5 அங்குலம், 120 கிலோவுக்குப் பக்கம், அதுவும் விங்கர். செமி ஃபைனல்ல இங்கிலாந்துக்கு எதிரா 4 ட்ரை, அதுல ஒண்ணு குறுக்க நின்ன ஆளு மேலயே ஏறி ஓடினது. யூட்யூப்ல இருக்கு, போய் பாருங்க, பாவமா இருக்கும். அதே வருஷம் தான் ரக்பி யூனியன் அஃபிஷியலா சம்பளத்துக்கு ஆடற ஆட்டமா மாறுச்சு. வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் ப்ராக்டிஸ் பண்ணவங்க எல்லாம் முழு நேரம் ஜிம்ல. அதுக்கப்புறம் உலகத்துல எந்த கோச்சுக்கும் ஓரத்துல நிறுத்த ஒரு யானை வேணும். குருவி வேணாம்.

ஷேனையும் உடம்ப ஏத்தச் சொன்னாங்க. ஏத்தினாரு, எடை ஏற ஏற தொடைத் தசை பிச்சுக்கிச்சு, ஹாம்ஸ்ட்ரிங் தொல்லை மாத்தி மாத்தி. ஃபியட் பத்மினில லாரி இஞ்சின் வச்ச கதை. வேகம் தான் அந்த ஆளோட சொத்து, அதையே அடகு வச்சு சதை வாங்கினா என்னத்துக்கு ஆகும். 2001ல இருந்து 2003 வரைக்கும் நேஷனல் டீம்ல பேரே அடிபடல. விட்டுட்டு போயிடலாமான்னு யோசிச்ச காலம் அதுன்னு அவரே பின்னாடி பேசியிருக்காரு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். ஷேன் பத்தி எழுதறவங்க எல்லாம் குள்ளமா இருந்தும் ஜெயிச்சாரு, விடாமுயற்சின்னு எழுதுவாங்க. எனக்கு அந்த "இருந்தும்" மேல தான் கோவம். ரெண்டு விஷயம் அதுல மறைஞ்சு போகுது. ஒண்ணு, அவரு அப்டி ஆடினதே குள்ளமா இருந்ததால தான். இன்னொண்ணு, விடாமுயற்சி எல்லாம் இருந்தும் அந்த கேரியர் கிட்டத்தட்ட முடிஞ்சு போயிருந்துச்சு, காப்பாத்துனது லிஸ்ட்ல இருந்த ஒரு ஓட்டை.

2003 வேர்ல்ட் கப், ஆஸ்திரேலியாவுல. அந்த வருஷம் சிக்ஸ் நேஷன்ஸ்ல (ஐரோப்பாவோட ஆறு டீம் வருஷா வருஷம் ஆடற போட்டி) வேல்ஸ் அஞ்சு மேட்ச்சும் தோத்து கடைசி இடம், இத்தாலி கிட்ட கூட தோல்வி. கோச் ஸ்டீவ் ஹேன்சன், நியூசிலாந்துக்காரர். ஸ்க்ரம் ஹாஃபுக்கு ஏற்கனவே ரெண்டு பேரு இருக்காங்க, மூணாவதா ஒரு ஆளு அவசரத்துக்கு வேணும், அத விங்லயும் நிறுத்திக்கலாம்னா ஒரு சீட்டு மிச்சம். அப்டித் தான் ஷேன் ஃப்ளைட் ஏறினாரு. விங்கரா இல்ல. அம்மன் யுனைடெட்ல சின்ன வயசுல கத்துக்கிட்ட 9-ஆம் நம்பர் வேலைக்கு, அதுவும் மூணாவது ஆளா. யோசிச்சுப் பாருங்க, ரெண்டாவது ஸ்க்ரம் ஹாஃபோட பேக்கப்பு. கல்யாண வீட்ல மாப்ள தோழனோட தோழன்.

முதல் மூணு மேட்ச்சும் பெஞ்சுக்கும் வெளிய. அந்த மூணும் ஜெயிச்சு வேல்ஸ் குவார்ட்டர் ஃபைனலுக்கு போயாச்சு, கடைசி லீக் மேட்ச் நியூசிலாந்து கூட, எப்டியும் அடி தான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. ஹேன்சன் முக்கியமான ஆளுங்களுக்கு ரெஸ்ட் குடுத்து மீதி இருக்கறவங்கள இறக்கினாரு. நவம்பர் 2, சிட்னி. பலி ஆடுங்க லிஸ்ட்ல ஷேன் வில்லியம்ஸும்.

ஆரம்பத்துல எதிர்பாத்தபடி தான், நியூசிலாந்து ஏறிப் போச்சு. அப்புறம் எவனோ ஸ்விட்ச்ச போட்ட மாதிரி வேல்ஸ் பயலுக ஓட ஆரம்பிச்சானுங்க. உதைச்சுத் தள்ளறது, பாதுகாப்பா ஆடறது எல்லாத்தையும் விட்டுட்டு பந்து கைக்கு வந்தா ஓடு, அவ்ளோ தான். மார்க் டெய்லர் ஒரு ட்ரை, சன்னி பார்க்கர் ஒண்ணு, கேப்டன் காலின் சார்விஸ் ஒண்ணு, ஷேன் ஒண்ணு. செகண்ட் ஹாஃப்ல ஒரு கட்டத்துல 37-33ன்னு வேல்ஸ் லீடிங். கடைசில நியூசிலாந்து 53-37ன்னு ஜெயிச்சாங்க, எட்டு ட்ரை போட்டு. ஆனா அன்னிக்கு ராத்திரி பேச்சு பூரா தோத்த டீம பத்தி தான். அடுத்த வாரம் பிரிஸ்பேன்ல இங்கிலாந்து கூட குவார்ட்டர் ஃபைனல், ஷேன் தன் பக்கத்துல இருந்து பந்த எடுத்துக்கிட்டு கெளம்பி ஒரு கவுண்டர் அட்டாக், பல கை மாறி ஸ்டீஃபன் ஜோன்ஸ் ட்ரைல போய் முடிஞ்சுச்சு. வேல்ஸ் மூணு ட்ரை, இங்கிலாந்து ஒரே ஒரு ட்ரை, ஆனா ஜானி வில்கின்சன் காலு சும்மா இருக்குமா, பெனால்ட்டியா உதைச்சு உதைச்சே 28-17. அந்த இங்கிலாந்து தான் அப்புறம் கப்பு அடிச்சாங்க.

அந்த ஓட்டை இல்லன்னு வைங்க. ஹேன்சன் மூணாவது ஸ்க்ரம் ஹாஃபுக்கு வேற பையன கூட்டிட்டுப் போயிருந்தா, இல்ல நியூசிலாந்து மேட்ச்ல ஒழுங்கா மெயின் டீமையே இறக்கியிருந்தா, அந்த 58-ல பாதிக்கு மேல நமக்குத் தெரிஞ்சே இருக்காது. பெரியவர் கிட்ட இத சொன்னேன். அவரு ஒத்துக்கல. திறமை எப்டியும் வெளிய வந்துரும்ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல, அவரு வீட்டு சாமி அது. ஆனா எங்க ஊர் கபடி டீம்ல வெளிய வராமலே போன திறமை எத்தனையோ எனக்குத் தெரியும், இப்ப அதுல ஒருத்தன் டாடா ஏஸ் ஓட்டறான்.

கபடி பாத்து வளந்ததால ஒண்ணு எனக்கு சட்டுனு பிடிபட்டுச்சு, ஷேனோட கால். பாடப் போறவன் நேரா பாக்கற மாதிரி பாத்துக்கிட்டே இடுப்ப ஒரு பக்கம் காட்டுவான், பிடிக்க நிக்கறவன் அந்தப் பக்கம் எடைய போட்டதும் இவன் இந்தப் பக்கம் போயிருப்பான். ஷேன் செஞ்சதும் அதே தான், முழு வேகத்துல செஞ்சாரு, அது தான் வித்தியாசம். 110 கிலோ ஆளு ஒருத்தன் ஓடி வந்து வலது கால ஊணிட்டான்னா அந்தக் கால திரும்ப எடுக்கற வரைக்கும் அவன் எங்கயும் போக முடியாது, அரை நொடி அவன் நட்ட மரம். அந்த அரை நொடிய பாத்து எதிர்ப்பக்கம் கால் வைக்கணும். உயரமானவனுக்கு இடுப்பு மேல இருக்கு, திசை மாத்த ரெண்டு மூணு எட்டு ஆகும், ஷேனுக்கு ஒரு எட்டு. ஓரக்கோட்டுக்கு பக்கத்துல ஒரு கட்டில் அளவு எடம் குடுத்தா போதும், உள்ள வர்ற மாதிரி காட்டி வெளிய போயிருவாரு, வெளிய மூடினா உள்ள.

இன்னொரு தந்திரம், இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தன் ஓரத்துலயே நிக்க மாட்டாரு. ஸ்க்ரம் ஹாஃப் பழக்கம் விட்டுப் போகல போல, மல்லுக்கட்டு எங்க நடக்குதோ அங்க பின்னாடி பூனை மாதிரி சுத்திக்கிட்டே இருப்பாரு. எதிர்ல தடுக்க நிக்கற வரிசைல மூச்சு வாங்கிட்டு ஒரு தடியன் நின்னான்னா, முன்வரிசை ப்ராப் மாதிரி, அவன நேரா பாத்து கெளம்புவாரு. வேகமானவனோட எதுக்கு மோதணும், லாரியோட ரேஸ் விட்டா போதுமே. கடைசி இலையில உக்காந்து பாயசத்துக்கு காத்திருக்காம, நேரா சமையக்கட்டுக்கே போய் வாங்கிக்கிட்ட ஆளு.

குறை இல்லன்னு சொல்ல மாட்டேன். உயரமா தூக்கி உதைக்கற பந்துக்கு அவரோட ஒரு நெட்டையன் குதிச்சா அங்க ஒண்ணும் பண்ண முடியாது, எதிர் டீம்கள் அத தேடித் தேடி செஞ்சாங்க. நேரா மோதி வர்றவன நிறுத்தறதுலயும் சில சமயம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒட்டிக்கிட்டு பத்து அடி இழுபட்டுப் போவாரு. ஆனா விடமாட்டாரு, காலப் பிடிச்சுட்டா பிடிச்சது தான்.

2005 பிப்ரவரி 5, கார்டிஃப், இங்கிலாந்து மேட்ச். 1993-க்கு அப்புறம் கார்டிஃப்ல வேல்ஸ் இங்கிலாந்த ஜெயிச்சதே இல்ல. ஆரம்பத்துலயே மைக்கேல் ஓவன் (ஃபுட்பால் ஓவன் இல்ல, இவரு வேல்ஸ்காரர், ஆறரை அடி ஃபார்வர்டு) நீளமா ஒரு பாஸ் வீச, இடது ஓரத்துல ஷேன் வாங்கி மூலையில நுழைஞ்சு ட்ரை. மேட்ச் முடிவு 11-9. கேவின் ஹென்சன் (கோச் ஹேன்சன் இல்ல, இவரு வேல்ஸ் ப்ளேயர்) கடைசி நிமிஷங்கள்ல ரொம்ப தூரத்துல இருந்து உதைச்ச பெனால்ட்டிய தான் எல்லாரும் ஞாபகம் வச்சிருப்பாங்க, ஆனா அந்த மேட்ச்ல விழுந்த ஒரே ட்ரை இந்த குருவியோடது. அந்த சீசன்ல அஞ்சுக்கு அஞ்சு ஜெயிச்சு கிராண்ட் ஸ்லாம், 1978-க்கு அப்புறம் முதல் தடவை. அதே வருஷம் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நாலுலயும் பொறுக்கி எடுத்த ஒரே டீம்) டூர், நியூசிலாந்துல டெஸ்ட் மூணும் தோல்வி, நடுவுல மனவாட்டுங்கற உள்ளூர் டீம 109-6ன்னு உரிச்சதுல ஷேன் மட்டும் 5 ட்ரை. அது ஒரு மாதிரி சுண்டல் தான், பெருசா எண்ணிக்க வேணாம்.

2007 வேர்ல்ட் கப்ப சீக்கிரம் தாண்டிடுவோம், நாந்த்ல ஃபிஜி கிட்ட 38-34ன்னு தோத்து லீக்லயே வெளிய, மறுநாளே கோச்சுக்கு வேலை போச்சு. வந்தது வாரன் கேட்லண்ட். இவரும் நியூசிலாந்துக்காரர் தான், வேல்ஸ்காரங்களுக்கு அவங்க மேல ஒரு மயக்கம்.

2008 தான் ஷேனோட வருஷம். சிக்ஸ் நேஷன்ஸ் முதல் மேட்ச் இங்கிலாந்தோட ட்விக்கன்ஹாம்ல, 1988-க்கு அப்புறம் வேல்ஸ் ஜெயிக்காத கிரவுண்டு. கேட்லண்ட் இறக்கின 15 பேர்ல 13 பேரு ஆஸ்ப்ரேஸ், அதாவது எங்க ஸ்வான்ஸீ டீம், ஷேனும் அதுல தான். பெரியவர் இந்த 13-அ சொல்றப்ப எல்லாம் விரல விட்டு ஒவ்வொரு பேரா எண்ணுவாரு, கறி ஆறிடும். 19-6ன்னு பின்னாடி கெடந்து 26-19ன்னு ஜெயிச்சாங்க. அடுத்து ஸ்காட்லாந்து மேல ஷேன் 2 ட்ரை, இத்தாலி மேல 2, டப்ளின்ல அயர்லாந்து மேல 1. அதோட 40 ஆச்சு, கேரத் தாமஸ் வச்சிருந்த வேல்ஸ் ரெக்கார்ட தொட்டாச்சு. ஒரு காலத்துல கேரத் எட்வர்ட்ஸும் ஜெரால்டு டேவிஸும் 20ல நின்னாங்க, அப்புறம் ஐவன் எவன்ஸ் 33, அப்புறம் இந்த 40. கடைசி மேட்ச் ஃப்ரான்ஸ் கூட கார்டிஃப்ல. ஃப்ரான்ஸ்காரங்க நடு மைதானத்துல பந்த நழுவ விட, ஷேன் அத கையால எடுக்கல, காலால தட்டினாரு, ஓடினாரு, இன்னொரு தட்டு, பின்னாடி ரெண்டு பேரு துரத்த விழுந்து அமுக்கினாரு. 41. கிராண்ட் ஸ்லாம். அஞ்சு மேட்ச்லயும் சேத்து வேல்ஸ் விட்டது ரெண்டே ட்ரை.

ஜூன்ல தென்னாப்பிரிக்கா டூர், அப்ப அவங்க தான் வேர்ல்ட் சாம்பியன். ரெண்டு டெஸ்ட்டும் வேல்ஸ் தோத்துச்சு, ரெண்டுலயும் ஷேன் ட்ரை. ப்ரிட்டோரியால போட்டது இருக்கே, அத வார்த்தைல சொல்ல எனக்கு வராது, ஓரத்துல நெருக்கிப் பிடிச்சாச்சுன்னு அவங்க நெனச்ச எடத்துல இருந்து உள்ள ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, ஆளுங்க ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்தாங்க. அந்த வருஷ கடைசில உலக ரக்பி அமைப்பான ஐஆர்பி உலகத்தோட சிறந்த ப்ளேயர்னு அவருக்கு குடுத்துச்சு. வேல்ஸ்ல இருந்து அத வாங்கின முதல் ஆளு. அஞ்சு வருஷம் முன்னாடி மூணாவது ஸ்க்ரம் ஹாஃப்.

அடுத்த வருஷம் லயன்ஸ் டூர், அதே தென்னாப்பிரிக்கா, முதல் ரெண்டு டெஸ்ட்டுக்கும் ஸ்டார்ட்டிங் டீம்ல எடம் இல்ல. உலகத்துலயே பெஸ்ட்டுன்னு பட்டம் வாங்கின ஆளுக்கு! ரெண்டும் தோத்து சீரிஸ் போனதுக்கு அப்புறம் எல்லிஸ் பார்க்ல மூணாவதுல நிறுத்தினாங்க, 2 ட்ரை, லயன்ஸ் 28-9. நான் சொல்ற ஓட்டை கதை இங்கயும் அப்டியே ரிப்பீட்டு, பாருங்க. ஆட்டம் செத்ததுக்கு அப்புறம் தான் அவருக்கு கதவு திறக்கும்.

இப்ப என் வெங்காய மூட்டைக்கு திரும்ப வருவோம். 2010, ஸ்காட்லாந்து. ஸ்காட்லாந்து நல்லா ஆடி 24-14ன்னு முன்னாடி, நிமிஷங்கள் தான் பாக்கி. வேல்ஸோட ஹாஃப்பென்னி ஒரு ட்ரை, கன்வெர்ஷனோட 24-21. ஸ்காட்லாந்துல அடுத்தடுத்து ரெண்டு பேருக்கு மஞ்சள் கார்டு, 13 பேரு தான் நிக்கறாங்க. ஸ்டீஃபன் ஜோன்ஸ் பெனால்ட்டி, 24-24. டைம் முடிஞ்சுச்சு, பந்து வெளிய போனா ஆட்டம் க்ளோஸ், டிரா. வேல்ஸ் கையில பந்து, உதைச்சு வெளிய தள்ளிட்டு வீட்டுக்குப் போகலாம். போகல. இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு கை மாத்தி கை மாத்தி, கடைசில பந்து ஷேன் கையில, முன்னாடி ஆளே இல்ல. கோட்டுக்கு முன்னாடியே ஒரு கைய மேல தூக்கிட்டாரு. போஸ்ட்டுக்கு கீழ போய் வச்சாரு. 31-24. நான் கேட்ட சத்தம் அது தான்.

(அன்னிக்கு ராத்திரி கொண்டாட்டத்துல வேல்ஸ் வீரர் ஒருத்தர் ஹோட்டல்ல இருந்து கோல்ஃப் வண்டிய எடுத்துக்கிட்டு எம்4 மோட்டார்வேல போய் போலீஸ்ல மாட்டினாரு. விடிஞ்சா ஊரு பூரா அந்தப் பேச்சு தான்.)

ஆனா அந்த மேட்ச் பத்தி ஒண்ணு ரொம்ப நாள் எனக்குத் தெரியாம இருந்துச்சு. ஸ்காட்லாந்து பக்கம் டாம் எவன்ஸ்னு ஒருத்தர், அவரும் விங்கர், வயசு 24. ஃபர்ஸ்ட் ஹாஃப்ல பந்தோட ஓடி வந்து வேல்ஸ் ஆளு மேல மோதினதுல கழுத்தெலும்பு எடம் மாறிப் போச்சு. மில்லிமீட்டர் கணக்குல தப்பிச்சாரு, கொஞ்சம் நகந்திருந்தா காலமெல்லாம் படுக்கை தான். ஆபரேஷன் பண்ணி நடக்க வச்சுட்டாங்க, ஆனா ரக்பி அன்னிக்கோட முடிஞ்சுது. ஒரே கிரவுண்டு, ஒரே மதியம். ஒரு விங்கர ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போறாங்க, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு விங்கர் கைய தூக்கிக்கிட்டு ஓடறாரு. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த வீடியோவ பாக்கறப்ப சத்தத்த கொஞ்சம் கம்மி பண்ணிட்டுத் தான் பாக்கறேன், ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

நேர்ல ஒரே ஒரு தடவை தான் அவர பாத்தேன். லிபர்ட்டி ஸ்டேடியம், ஆஸ்ப்ரேஸ் மேட்ச், பெரியவர் கூட்டிட்டுப் போனாரு, டிக்கெட் அவரு வாங்கினாரு, சமோசா நான் கொண்டு போனேன். தூறல். இடது ஓரம் எங்களுக்கு நேரா. டிவில தெரியாதது என்னன்னா ஆளு நிக்கவே இல்ல. பந்து அந்தக் கோடில இருக்கறப்பவும் இங்க ரெண்டு எட்டு முன்னாடி, ரெண்டு எட்டு பின்னாடி, பக்கத்துல இருக்கறவன எதோ சத்தம் போட்டு நகத்தறாரு, திடீர்னு காணோம், பாத்தா மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஸ்க்ரம் ஹாஃப் முதுகுக்கு பின்னாடி. ட்ரை ஒண்ணும் போடல அன்னிக்கு. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பந்து வந்தா பெருசு. பெரியவர் எதையும் விளக்கல, வழக்கமா வாய் ஓயாது, அன்னிக்கு சும்மா பாத்துட்டு இருந்தாரு.

2011 வேர்ல்ட் கப்ல 34 வயசு. இந்தப் பக்கம் ஷேன், அந்தப் பக்கம் ஓரத்துல ஜார்ஜ் நார்த், 19 வயசு, 6 அடி 4 அங்குலம், லோமு அச்சு. (அந்தப் பையனும் பெரிய ஆளாகி 2024ல 47 ட்ரையோட ரிட்டயர் ஆனாரு, வேல்ஸ் லிஸ்ட்ல ரெண்டாவது. யானைக்கும் குருவிக்கும் நடுவுல 11 வித்தியாசம்.) குவார்ட்டர் ஃபைனல்ல அயர்லாந்து மேல மூணாவது நிமிஷமே ஷேன் ட்ரை. செமி ஃபைனல்ல ஃப்ரான்ஸ், 20 நிமிஷம் கூட ஆகல, கேப்டன் வார்பர்ட்டனுக்கு ரெட் கார்டு, 9-8ன்னு தோல்வி. இத பத்தி வேல்ஸ்காரங்க கிட்ட பேச்சு எடுக்காதீங்க, அன்பா சொல்றேன்.

டிசம்பர் 3, கார்டிஃப், ஆஸ்திரேலியா கூட கடைசி மேட்ச். தேசிய கீதம் பாடறப்ப ரெண்டு பிள்ளைங்களையும் பக்கத்துல நிறுத்திக்கிட்டு தேம்பித் தேம்பி அழுதாரு, இனிமே எங்க ஆடப் போறாருன்னு நெனச்சேன். 24-18 வேல்ஸ் தோல்வி, ஆனா ஆட்டத்தோட கடைசி பந்து அவரு கைக்கு வந்து ட்ரை. 58. சினிமால வச்சா ஓவர்னு சொல்லுவோம். நான் அப்ப ஊருக்கு திரும்பிட்டேன், ராத்திரி அரைகுறை ஸ்ட்ரீமிங்ல பாத்தேன், அந்த ட்ரை நேரத்துல சரியா சுத்த ஆரம்பிச்சுருச்சு. நெட்டு திரும்ப வந்தப்ப எல்லாரும் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கறாங்க. இந்த மனுஷனோட முக்கியமான ட்ரை எதையும் எனக்கு நேரா பாக்கக் குடுத்து வைக்கல போல.

ஆஸ்ப்ரேஸுக்கு மட்டும் மே வரைக்கும் ஆடினாரு. கடைசி மேட்ச் டப்ளின்ல, ப்ரோ12ங்கற கிளப் லீக்கோட ஃபைனல், லென்ஸ்டர் கூட, முந்தின வாரம் தான் அவங்க ஐரோப்பிய சாம்பியன் ஆகியிருந்தாங்க. ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கறப்ப ஷேன் மூலையில நுழைஞ்சு தன்னோட ரெண்டாவது ட்ரை, 30-29. டான் பிக்கர் ஓரக்கோட்டுல இருந்து அந்த கன்வெர்ஷன போட்டாரு. 31-30.

இதோட நிறுத்தியிருந்தா கச்சிதம். நிறுத்தல. ஜப்பான் போய் ரெண்டாம் டிவிஷன் டைனபோர்ஸ் டீமுக்கு ஆடினாரு. 2013ல லயன்ஸ் ஆஸ்திரேலியால இருக்கறப்ப இவரும் மீடியா வேலையா அங்க இருந்தாரு, விங்கருங்களுக்கு வரிசையா அடிபட, கேட்லண்ட் கூப்ட்டு ஜெர்சிய குடுத்துட்டாரு. 36 வயசு. கான்பெரால ப்ரம்பீஸ்ங்கற உள்ளூர் டீம் கிட்ட லயன்ஸ் 14-12ன்னு தோத்துச்சு. லயன்ஸ் ஜெர்சின்னா என்ன டூரிஸ்டுக்கு குடுக்கற டீ ஷர்ட்டான்னு பேப்பர்ல திட்டினாங்க. பெரியவருக்கும் கோவம், மெயில்ல நாலு வரி எழுதியிருந்தாரு, ஷேன் மேல அவரு கோவப்பட்டு நான் பாத்தது அது ஒண்ணு தான். எனக்கு என்னவோ சிரிப்பு தான் வந்துச்சு. மறுபடியும் ஒரு ஓட்டை, மறுபடியும் ஆளு உள்ள. கூப்ட்டா போகாம என்ன பண்ணுவாரு, மூணாவது ஸ்க்ரம் ஹாஃபுக்கே போனவரு.

அதுக்கப்புறம் மாரத்தான், டென்பில நடக்கற அயர்ன்மேன் வேல்ஸ்னு எதையாவது ஓடிக்கிட்டே இருந்தாரு. நடுவுல திரும்ப அம்மன் யுனைடெட்டுக்கும் ஆடினாரு. சின்ன லீக், சனிக்கிழமை மதியம், சேறு, எதிர்ல நிக்கறவன் வாரம் பூரா குழாய் ரிப்பேர் பாத்துட்டு வந்த ப்ளம்பரோ, ஸ்கூல் வாத்தியாரோ. அவன் நிமிந்து பாக்கறான், எதிர்ல பந்த வச்சிட்டு 58 ட்ரை நிக்குது. இடுப்பு இடது பக்கம் ஆடுது. வலது கால ஊணிட்டான். அன்னிக்கு சாயங்காலம் பப்ல அவன் எத்தனை தடவை அந்தக் கதைய சொல்லியிருப்பான், ஒவ்வொரு ரவுண்டுக்கும் எத்தனை கிலோமீட்டர் வேகம் கூடியிருக்கும்னு நெனச்சு நெனச்சு சிரிச்சுக்குவேன்.